காய்ந்துபோன கார்ட்ரிட்ஜ்

எண்பதுகளின் நடுவில் பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தேன். வில்லியனூரிலிருந்து தினமும் பஸ். பாகூர்ப் பக்கத்துக் கிணறுகளில் பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

சோரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில், நான் தண்ணீர் எடுக்க வந்திருப்பதைக் கேள்விப்பட்டு ஒரு பெண் ஓடிவந்தார். நடவுக்குப் போகிறவர், கையில் சேறு காயவில்லை.

"யம்மா, எங்க தெரு கெணத்துல எடு. மருந்து நாத்தம் அடிக்குது. கோழி ரெண்டு செத்துப்போச்சு. பக்கத்துக் கொல்லைக்காரரு மருந்தடிக்கிற மிஷின அங்கதான் கழுவுறாரு. சொன்னா எவனும் நம்பமாட்டேங்கிறான்."

அவரே இறைத்துக் கொடுத்தார். இரண்டு பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

கார்ட்ரிட்ஜ் அப்போது எங்களுக்குப் புதிது. கட்டைவிரல் அளவுக் குழாய், உள்ளே வெள்ளைத் தூள். தண்ணீரை அதன் வழியே சொட்டுச் சொட்டாக விட்டால் மருந்து தூளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கரைத்து எடுத்துக் கருவியில் செலுத்திப் பார்ப்போம். ஆனால் முதலில் மெத்தனால் ஊற்றித் தூளை நனைக்க வேண்டும். தண்ணீர் விடுவதற்குள் அது காய்ந்துவிட்டால் மருந்தைச் சரியாகப் பிடிக்காது.

அன்று தூளை நனைத்துவிட்டு, திரவத்தை இழுக்கும் பம்ப்பை நிறுத்தாமல், தோழியின் கல்யாணப் புடவையைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது தூள் வறண்டு கிடந்தது. மறுபடி மெத்தனால் ஊற்றித் தொடங்கியிருந்தால் போதும். கொஞ்ச நேரம்தான் ஆகும். ஆனால் ஐந்தரை பஸ் போய்விடும். அப்படியே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன். சீக்கிரம் முடியட்டும் என்று பம்ப்பின் திருகையும் முழுக்கத் திறந்துவிட்டேன்.

மறுநாள் வரைபடத் தாளில் கோடு தட்டையாக ஓடியது. 'மருந்து காணப்படவில்லை' என்று எழுதினேன். பேராசிரியர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு அறிக்கையை நான்தான் கொண்டுபோனேன். கொல்லைக்காரரும் வந்திருந்தார். அந்தப் பெண்ணை வரவழைத்து நடுவில் நிறுத்தினார்கள்.

"இன்னாடி, படிச்சவங்க எழுதிக் குடுத்துட்டாங்க. இப்ப இன்னா சொல்ற?" என்றார் கொல்லைக்காரர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் பையின் வாரைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

"தெரியாம சொல்லிட்டேன்யா. மன்னிச்சிக்குங்க" என்று கும்பிட்டார்.

இரண்டாவது பாட்டிலை எடுக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று. ஒருவேளை நிஜமாகவே மருந்து இல்லாமலும் இருக்கலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள், குளிர்பெட்டியிலிருந்து அதை எடுத்து, தூளை நனைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். கரைத்து எடுத்துக் கருவியில் செலுத்தியதும் வரைபடத்தில் பேனா விறுவிறுவென்று மேலே ஏறியது; மருந்து இருந்தது.

பேராசிரியரிடம் தூள் காய்ந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பஸ்ஸுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

திருத்திய அறிக்கை போனது. கிணற்றை மூடினார்கள்; தெருவுக்கு வேறு இடத்திலிருந்து குழாய் போட்டார்கள். கொல்லைக்காரரை யாரும் கூப்பிட்டு நடுவில் நிறுத்தவில்லை.

நான் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். வீட்டு வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னோடதுக்கா. சோதனையச் சரியா பண்ணல. நீங்க சொன்னதுதான் நிஜம்."

"நாத்தம் எனக்குத் தெரியாதா?" என்றார். முறத்தை நிறுத்தவில்லை. "அத்தினி நாளும் புள்ளைங்க அதத்தான் குடிச்சிதுங்க. நீ சொன்னியேன்னு."

அவர் முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"அது போவட்டும். அன்னிக்கி ஆபீசுல நான் கும்புட்டப்ப நீ பக்கத்துலதான நின்னுக்கினு இருந்த?"

"ஆமாக்கா."

அவர் பதரை ஊதிவிட்டு அடுத்த முறத்துக்கு நெல்லை அள்ளினார். உட்கார் என்றோ போ என்றோ சொல்லவில்லை. நானாகவே பஸ்ஸுக்கு நடந்தேன்.