கண்ணாடி வழியாகத் தீர்ப்பு இல்லை

மாலை நாலரை மணிக்குச் செய்தி வந்தது. அவள் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். போனில் தையல்காரர் முதலில் இருமினார். பிறகு, "அக்கா, உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார். அவள் உட்காரவில்லை. கையில் இருந்தது கணவருடைய சட்டை. அதை மடித்து முடித்துவிட்டுத்தான் "சொல்லுங்க" என்றாள். கடையில் நாற்காலியில் சாய்ந்தபடியே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கணவர் போய்விட்டிருந்தார்.

ஊரில் அவருக்குப் பெயர் பூதம். எப்போதும் பூதக்கண்ணாடியும் கையுமாக இருப்பதால் முதலில் பூதக்கண்ணாடி என்றார்கள். கூப்பிட நீளமாக இருந்ததால் கண்ணாடியை விட்டுவிட்டார்கள். ஆளோ, ஊதினால் பறந்துவிடும் உடம்பு. வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்த்தே காலத்தைக் கழித்தவர், ஓய்வு பெற்றதும் தையல்கடையில் பாதியை வாடகைக்குப் பிடித்துப் படங்களுக்குச் சட்டம் போட உட்கார்ந்தார்.

சட்டம் போட வந்தவை பெரும்பாலும் பெரிய தலைவரின் படங்கள். தலைவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியும் அவர் சிரிப்பு வீட்டுக்கு வீடு தொங்கியது, கீழே கையெழுத்தோடு. தலைவரின் அலுவலகத்தில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போடும் இயந்திரம் ஒன்று இருந்தது என்பதும், கேட்டவர்களுக்கெல்லாம் அது அலுக்காமல் போட்டு அனுப்பியது என்பதும் எல்லோருக்கும் தெரியும். தங்கள் வீட்டுப் படம் மட்டும் அப்படியில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"மனுஷன் கை ஓடும், மிஷின் கை நடக்கும்" என்பார் அவர். மனிதன் போட்ட கோடு மெலிதாகத் தொடங்கி, வளைவில் அழுந்தி, முடிவில் பறக்கும். இயந்திரத்தின் கோடு மண்புழு மாதிரி தலையும் வாலும் ஒரே பருமன். ஒருமுறை ஒருவர் இரண்டு படங்களோடு வந்து, "பாருங்க சார், ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு! இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றார். இவர் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தார். ஒரு மயிரிழை விலகவில்லை. "அதாங்க வில்லங்கமே. மனுஷனால ஒரே மாதிரி ரெண்டு தடவை தும்மக்கூட முடியாது" என்று திருப்பிக் கொடுத்தார். வந்தவர் சட்டம் போடாமலே போய்விட்டார். இப்படி அவர் கெடுத்துக்கொண்ட வியாபாரம் கொஞ்சமல்ல.

கல்யாணப் பதிவின்போது அவள் மூன்று இடத்தில் மூன்று விதமாகக் கையெழுத்துப் போட்டாள். அலுவலர் முகத்தைச் சுளித்தார். மாப்பிள்ளை மட்டும் பூரித்துப் போய், "இது நிஜமான பொண்ணு சார்" என்றார். அதைச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்வார்.

அவள் வீட்டுக் கூடத்திலும் ஒரு தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுடைய அப்பா கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டவர். ஒரு கூட்டத்தில் மைக் படுத்துவிட, அப்பா ஒரு தட்டுத் தட்டிப் பேச வைத்தாராம். தலைவர் இறங்கி வந்து, அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, பிள்ளைகள் இருவருக்குமாக இரண்டு படத்தில் போட்டுக் கொடுத்தாராம். மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

அந்தப் படத்துக்கு எதிரேதான் கணவர் தினமும் சாப்பிட்டார். அவள் ஒருநாளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்கும் விருந்தாளிகளுக்கு ஒரே பதில்: "கண்ணாடி வழியா நான் தீர்ப்பு சொல்றதில்லீங்க. தொழில் தர்மம்."

தர்மத்துக்கு ஆபத்து அவளுடைய அண்ணன் உருவில் வந்தது. அவருக்குத் தன் படத்தை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, அடியில் பித்தளைத் தகட்டில் தன் பெயரைப் பார்க்க ஆசை. அவர்களோ, கையால் போட்டதுதானா என்று உறுதி கேட்டார்கள். பூதம் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, ஒரு முழுப் பகல் பார்த்துவிட்டு, "மச்சான், இது நடந்திருக்கு. ஓடலை" என்றார்.

அண்ணன் நேரே தங்கை வீட்டுக்கு வந்து நின்றார். "கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிருக்கு. அதுவும் நம்ம வீட்டுப் பூதம்!"

"ரெண்டையும் தலைவர் தன் கண்ணு முன்னாடி போட்டதாத்தானே அப்பா சொன்னார்?" என்றாள் அவள்.

"அதான் சொல்றேன். அப்பா பாதிப் பொய் சொல்ற ஆளில்லை. சொன்னா முழுசாத்தான் சொல்வார். உன்னோடதையும் இறக்கு. ரெண்டும் ஒண்ணா இருந்தா தெரிஞ்சு போச்சு."

அப்பா விட்டுப்போனதில் அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கதைதான். மறுநாள் காலையில் தானே ஸ்டூல் போட்டுப் படத்தை இறக்கி, பழைய துண்டில் சுற்றிக் கணவரிடம் கொடுத்தாள்.

"ஏங்க, எனக்காகன்னு எதுவும் மாத்திச் சொல்லக் கூடாது."

"மாத்திச் சொல்லத் தெரிஞ்சா நான் எப்பவோ பெரிய கடையா வச்சிருப்பேனேம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதுதான் கடைசிப் பேச்சு.

காரியமெல்லாம் முடிந்தபின் அண்ணனும் தங்கையும் கடைக்குப் போனார்கள். மேஜையில் படம் குப்புறக் கிடந்தது. பின்பலகைக்கு நான்கு ஆணி. மூன்று, டப்பா மூடியில் கிடந்தன. பக்கத்தில், அண்ணன் படத்துக் கையெழுத்தைப் பிரதி எடுத்த மெல்லிய தாள், மேலே வைத்துப் பார்க்கத் தயாராக இருந்தது.

"வந்ததும் மூணு ஆணியைப் பிடுங்கினார் அக்கா" என்றார் தையல்காரர். "அப்புறம் டீ குடிச்சார். பழைய சட்டமெல்லாம் துடைச்சார். என் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிச்சார், நான் கேட்கவே இல்லை. 'அந்த ஒரு ஆணி என்ன பாவம் பண்ணுச்சு?'ன்னேன். 'இரும்யா, அவசரமா?'ன்னு மறுபடி டீ சொன்னார். மத்தியானம் வரைக்கும் அதைச் சுத்திச் சுத்தி வந்தாரே தவிர, தொடலை."

அண்ணன் ஆணி பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்ணா."

"உனக்குத் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"வேணும். ஆனா அவர் வாயால."

அண்ணன் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

படம் கூடத்தில் பழைய இடத்திலேயே தொங்குகிறது. பின்பலகையை இப்போது ஒற்றை ஆணிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.