இருட்டறையில் முளைத்த தக்காளி

1. ஆடு வந்த முதல் வகுப்பு

என் முதல் வகுப்பைக் கேட்க வந்தவர்கள் சில பெண்களும் ஒரு வெள்ளாடும். பெண்கள் வாயைத் திறக்கவில்லை. ஆடு மட்டும் நான் மாதிரிக்காகக் கொண்டுபோன கீரை நாற்றையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, மிச்சம் மீதி இருக்கிறதா என்று என் பைக்குள் மூக்கை விட்டது. அதைப் பார்த்துத்தான் பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம்தான் பேச்சு வந்தது.

அறுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரருக்குக் காரைக்குடியில் ஒரு மில் ஆபீசில் வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தார்கள். பகல் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவராது. கிராமத்துப் பெண்களுக்குக் காய்கறித் தோட்டம் போடச் சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் வேண்டும் என்று பிளாக் ஆபீசில் கேட்டார்கள். பெயர் கொடுத்தேன். ஒரு பண்ணையில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நர்சரி, கம்போஸ்ட், டிரான்ஸ்பிளாண்டிங் எல்லாவற்றையும் கையால் செய்து காட்டினால்தான் விடுவார்கள். முடித்ததும் ஒரு சர்டிபிகேட், ஒரு களைக்கொத்து, விதைப் பாக்கெட்டுகள். சம்பளம் கிடையாது, பஸ் சார்ஜ் மட்டும். "சம்பளமில்லாத உத்தியோகத்துக்கு லீவாவது உண்டா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

இப்போது மாடித் தோட்டம் சொல்லிக்கொடுக்கப் போகிற பெண்கள் என்னிடம் வந்து, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். உரம், பூச்சி, பாத்தி அளவு எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

2. ராக்கம்மா கேட்டு வாங்கிய இடம்

அந்த முதல் வகுப்பு நடந்தது, மானகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்து போகவேண்டிய ஒரு சின்ன ஊரில். ஒரு பக்கம் நிலம் வைத்திருந்த சம்சாரிகளின் மேலத்தெரு, இன்னொரு பக்கம் காலனி. நடுவில் முள் மண்டிக் கிடந்த புறம்போக்கு. அதை ஒட்டி ஒரு பால்வாடி. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அங்கேதான் வந்தார்கள். மத்தியானத்துக்குக் கோதுமை உப்புமா போடுவார்கள். அதில் காய் என்று ஒரு துணுக்குக்கூட இருக்காது.

அந்தப் பிள்ளைகளுக்காகப் புறம்போக்கில் தோட்டம் போடலாம் என்று நான் சொன்னபோது, முதலில் பிடித்துக்கொண்டவள் மேலத்தெரு ராக்கம்மா. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். புருஷன் வண்டி ஓட்டப் போய்விடுவார்; நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். ஊரில் அவளுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. பங்குனியில் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடும்போது முதல் விதை போடுவது அவள் கைதான். முளைப்பாரி பார்த்திராத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஓட்டைப் பானையில் வைக்கோல், சாணம், கரம்பை மண் போட்டுப் பயறு வகைகளை நெருக்கி விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வளர்ப்பார்கள். பெண்கள் விரதமிருந்து தண்ணீர் தெளிப்பார்கள், கும்மி கொட்டுவார்கள். திருவிழா அன்று அதைத் தலையில் சுமந்து ஊர் சுற்றி வந்து தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். பாரி எவ்வளவு உயரமாக வருகிறதோ ஊர் அவ்வளவு செழிக்கும் என்று நம்பிக்கை.

புறம்போக்கை வைக்கோல் படப்புப் போடக் கேட்டு ஏற்கனவே சிலர் காத்திருந்தார்கள். பெண்கள் எழுந்து பேசாத ஊர்க்கூட்டத்தில் ராக்கம்மா எழுந்து நின்று கேட்டாள். ஊராட்சித் தலைவர் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். "பொங்கலுக்குள்ள ரெண்டு தெருப் பொம்பளைகளும் சேந்து வெள்ளாமை காட்டுங்க. காட்டலைன்னா இடம் படப்புக்குத்தான். அப்புறம் எங்கிட்ட வரப்படாது" என்றார். இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு வேலை செய்து அவர் பார்த்ததில்லை. தோற்றுப்போவோம் என்ற நிம்மதியில்தான் அவர் சரி சொன்னார் என்பது எனக்கே தெரிந்தது.

காலனியிலிருந்து சின்னப்பொண்ணு ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். கல்லுடைக்கப் போகிறவள். கடப்பாரை பிடித்தால் அவளுக்குச் சமமாக நிற்க ஆம்பளை கிடையாது. அவர்கள் ஒரு பக்கமும் ராக்கம்மா ஆட்கள் ஒரு பக்கமுமாக முள்ளை வெட்டி, சரளைக்கல்லைப் பொறுக்கி இடத்தைப் பண்படுத்தினார்கள். நடுவில் ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்தது. நான் அதைக் கவனிக்காத மாதிரி மேட்டுப்பாத்தி போடுவது எப்படி என்று சத்தமாகப் பாடம் நடத்தினேன். தக்காளி, கத்தரி, கீரை விதைகளை, இரண்டு தெருப் பெண்களும் சேர்ந்த தோட்டச் சங்கத்துக்குப் பொதுவாக ராக்கம்மா கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து நாற்றுப் பாவலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

3. பாரி

அடுத்த வாரம் என்னால் போக முடியவில்லை. என் சின்ன மகனுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலை கட்டின வீட்டிலிருந்து வெளியே போகக்கூடாது. தெரிந்தவர் மூலம் ஊருக்குத் தகவல் மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பையனுக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் சரியானபின் போனேன். மேலத்தெருப் பெண்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரு பூரிப்பு. ராக்கம்மா என் செருப்பைக் கழற்றச் சொன்னாள், காலைக் கழுவச் சொன்னாள், கையைப் பிடித்து வீட்டுக்குள் இருந்த ஓர் இருட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. வரிசையாகப் பானைகள். ஒவ்வொன்றிலும் மயிர் மாதிரி நெருக்கமாக, வெளிறின மஞ்சளில், விரல் நீளத்துக்கு வளர்ந்து நின்றன தக்காளியும் கத்தரியும் கீரையும்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான் இருக்கும். வெயிலே படாமல் வளர்ந்த நாற்றை வெளியே எடுத்தால் அப்படியே படுத்துவிடும். வேறு விதை என்னிடம் இல்லை, பிளாக் ஆபீசிலும் இல்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் ராக்கம்மா கேட்டாள்.

"பிள்ளைக்குத் தண்ணி ஊத்தியாச்சுல்ல டீச்சர்? அவனுக்கு எறங்கணும்னுதான் ஆத்தாளுக்கு வேண்டிப் பாரியாப் போட்டோம். நாங்க யாரும் பச்சத்தண்ணி பல்லுல படாம வெரதம் இருந்து வெதச்சோம். எப்படி வந்துருக்கு பாத்தீகளா?"

திறந்த வாயை மூடிக்கொண்டேன். யார் பெற்ற பிள்ளைக்காக யார் பட்டினி கிடப்பது? அந்த இருட்டில் என் கண் கலங்கியது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பாட்டுப்பாடி, கும்மி கொட்டி, ஒரு வேளைகூடத் தவறாமல் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். பண்ணையில் சம்பளம் வாங்கினவர்கள்கூட அந்த அக்கறையோடு நர்சரி பார்த்ததில்லை.

வெளியே வந்தபோது தெருமுனையில் சின்னப்பொண்ணு நின்றுகொண்டிருந்தாள். கூடக் காலனிப் பெண்கள் சிலர். பாரி போட்ட நாளிலிருந்து அவர்கள் தோட்டத்துப் பக்கமே வரவில்லையாம்.

"வெதை எங்களுக்கும் சேத்துத்தான குடுத்தீக டீச்சர்," என்றாள். "அது சாமி ஆயிருச்சு, நாங்க பாக்கக் கூடாதுங்கிறாக. அப்ப முள்ளு வெட்டுறதுக்கு மட்டுந்தான் நாங்களா?"

அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இந்த வாரமே சங்கம் உடைந்தால் பொங்கலுக்கு அந்த இடத்தில் படப்புதான் நிற்கும். நான் உள்ளதை உள்ளபடி அங்கேயே வைத்து எல்லாருக்கும் சொன்னேன். நாற்று உடனே வெளிச்சத்துக்கு வரவேண்டும். தக்காளித் தண்டை இலை வரைக்கும் ஆழமாகப் புதைத்தால், புதைத்த இடமெல்லாம் வேர் விடும். ஒவ்வொன்றாகப் பிரித்து நட நிறையக் கை வேண்டும், இரண்டு தெருக் கையும் வேண்டும்.

ராக்கம்மாவின் நாத்தனார் வெள்ளையம்மா முதலில் எதிர்த்தாள். பாரியைத் தண்ணீரில்தான் கரைக்கவேண்டும், மண்ணில் புதைக்கிற வழக்கம் கிடையாது, அதிலும் கண்டவர்கள் தொட்டால் தெய்வக்குற்றம் ஆகிவிடும் என்றாள். மற்றவர்கள் ராக்கம்மா முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் என்னிடம் திரும்பினாள். "இப்படியே வச்சுருந்தா என்னாகும் டீச்சர்?"

"செத்துப்போகும்."

"நட்டா?"

"தக்காளி பிழைக்கும். கத்தரி பாதி. கீரை தேறாது."

அவள் உள்ளே போனாள். ஒரு பானையைச் சுமந்துகொண்டு வாசல் தாண்டி, தெருவைத் தாண்டி, நேரே சின்னப்பொண்ணுக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏத்தா, சும்மாடு கூட்டு. தலையக் குடு."

சின்னப்பொண்ணு சும்மாடு கூட்ட ஆரம்பித்தாள். முந்தானையைச் சுருட்டச் சுருட்ட அது அவிழ்ந்துகொண்டே இருந்தது. பின்னால் வெள்ளையம்மா ஏதோ சொல்ல, ராக்கம்மா பானையைச் சின்னப்பொண்ணு தலையில் ஏற்றியபடி திரும்பாமலே பதில் சொன்னாள். "ஆத்தா வந்து கேட்டா நான் சொல்லிக்கிறேன் மதினி. ஒங்கிட்டக் கேக்க மாட்டா."

4. பொங்கல் வரைக்கும்

பொழுது சாயத் தோட்டத்து ஓரமாக ஒரு நாற்றங்கால் போட்டு நட ஆரம்பித்தோம். தண்டு நூல் மாதிரி இருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தால் ஒடிந்துவிடும். ஒருத்தி குழி போட, ஒருத்தி நாற்றை இறக்க, ஒருத்தி மண் அணைக்க, யார் எந்தத் தெரு என்று பார்த்து உட்கார அங்கே நேரமில்லை. மேலே பனையோலையால் பந்தல் போட்டோம். பிறகு நாளுக்குக் கொஞ்சமாக ஓலையை விலக்கி வெயில் காட்டினோம். கீரை அழுகியது. கத்தரியில் பாதிக்கு மேல் போனது. தக்காளி மெதுவாகப் பச்சை கட்டியது. வேர் பிடித்ததும் பாத்தியில் எடுத்து நட்டோம்.

அந்த வருஷம் மழையும் ஏமாற்றியது. ஊருணித் தண்ணீர் குடிக்க மட்டும்தான், தோட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்மாய்ப் பள்ளத்திலிருந்து குடம் குடமாகச் சுமந்தார்கள். பாரிக்குத் தண்ணீர் தெளிப்பதில் முறை தவறக்கூடாது என்பார்கள். அந்த ஒழுங்கு அப்படியே தோட்டத்துக்கு வந்தது. மேலத்தெருவில் ஒருத்தி, காலனியில் ஒருத்தி என்று ஜோடி சேர்த்துவிட்டாள் ராக்கம்மா. காலையெல்லாம் கல்லுடைத்துவிட்டு வந்து குடம் தூக்கிய சின்னப்பொண்ணையும், தன் வயல் காயக் காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிய ராக்கம்மாவையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. ஒருநாள் வெள்ளையம்மாவும் வந்தாள். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள். போகும்போது இரண்டு குடம் ஊற்றிவிட்டுப் போனாள்.

பொங்கலுக்கு முன்னால் தலைவர் வந்தார். செடி கொள்ளாமல் பழம். சின்னப்பொண்ணு பறித்துக் கொடுத்த ஒன்றைக் கையில் வாங்கி, கொஞ்சம் யோசித்தார். எல்லாரும் அவரையே பார்த்தோம். கடித்தார். சாறு சட்டையில் வழிந்தது. இடம் சங்கத்துக்குத்தான் என்று துடைத்துக்கொண்டே சொன்னார். மறுநாள் பால்வாடி உப்புமா சிவப்பாக இருந்தது. அதைத் தொட மாட்டேன் என்று அழுத பிள்ளைகளை ஊட்டி வழிக்குக் கொண்டுவர ஒரு வாரம் பிடித்தது.

5. பங்குனி

இதோடு முடித்துவிட்டால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பங்குனி வந்தது. கோயில் முளைப்பாரிக்கு விதை போட ராக்கம்மாவைக் கூப்பிடவில்லை. பாரியைச் சின்னப்பொண்ணு தலையில் ஏற்றியதற்காக ஊர் கூடி அந்த முறையை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டது. அவள் தானாகச் சொல்லவில்லை. சின்னப்பொண்ணு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

திருவிழா அன்று தலைவரோடு சண்டை போடுவதென்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். ராக்கம்மா தோட்டத்தில் இருந்தாள். சின்னப்பொண்ணும் இருந்தாள். கொட்டுச் சத்தம் நெருங்கியதும் இருவரும் எழுந்து நின்றார்கள். வேலிக்கு வெளியே பானைகள் வரிசையாகப் போயின. ராக்கம்மா கடைசிப் பானை போகும்வரை கும்பிட்டபடி நின்றாள். அவள் கலங்கவே இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அழுதாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் தலைவரிடம் போய்க் கேட்கப் போவதாகச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அங்குட்டுப் போறது சாயங்காலம் கரைஞ்சுரும் டீச்சர். நாங்க வளத்தது இங்குட்டு நிக்கிது. நாளைக்குப் பிள்ளைகளுக்குப் போகணும், அந்தக் கூடையப் பிடிங்க."

பிடித்தேன். சண்டை போடவில்லை. அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அதற்கப்புறம் எந்த ஊருக்கு வகுப்பெடுக்கப் போனாலும், இதை முன்னால் நின்று செய்யப்போகிறவள் யார், செய்தால் ஊரில் அவளுக்கு என்னென்ன போகும் என்று முதலில் விசாரித்துக்கொள்வேன். அவளோடு கடைசிவரை நிற்க என்னால் முடியும் என்று தெரிந்தபிறகுதான் விதைப் பாக்கெட்டைப் பிரிப்பேன்.