சேகர் இருந்த சுவர்

போன மாதம் ஒரு மியூசியத்திலிருந்து அழைப்பு வந்தது. கொரோனா காலத்தை வருங்காலத் தலைமுறைக்குக் காட்டப் புதிதாக ஒரு ஹால் திறந்திருக்கிறார்களாம். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள் இல்லையா, கூப்பிட்டுவிட்டார்கள்.

துணைக்குக் கீழ் வீட்டுக் கலாவதியைக் கேட்டேன். கலா ஒரு ஸ்கூலில் லேப் அசிஸ்டென்ட். அவள் கணவர் சேகர் கோலார் தங்கவயல்காரர், லிஃப்ட் மெக்கானிக். இரண்டாவது அலையில் போய்விட்டார். அதனால் தயங்கித்தான் கேட்டேன். என்னதான் வைத்திருக்கிறார்கள், பார்ப்போமே என்று கிளம்பிவிட்டாள். விவேக் நகரில் ஆட்டோ பிடித்துப் போனோம்.

ஜில்லென்று ஏசி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துணி மாஸ்க், பக்கத்திலேயே அதைக் கொடுத்தவர் பெயர். ஒரு மேடைமேல் ஆக்ஸிஜன் சிலிண்டர். அன்றைக்கு ஊரெல்லாம் அலைந்தும் கிடைக்காத சிலிண்டர், இன்றைக்கு ஸ்பாட்லைட்டில் ஜம்மென்று நிற்கிறது. ஒரு ஜோடி அதன் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

கலா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிச் சுவரில் நின்றுவிட்டாள்.

சுவரளவு போட்டோ. மின் மயானம். கவச உடை போட்ட இரண்டு பேர், துணி சுற்றிய ஒரு உடலைத் தூக்கிப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பூட்டிய கேட். கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீலச் சுடிதாரில் ஒரு பெண்.

அது கலா.

அப்படியென்றால் அந்த உடல்? அந்த கேட்டில் அவள் நின்றது ஒரே ஒருவருக்காகத்தான்.

கீழே 'துயரம்' என்று ஒரு வார்த்தை. அதற்கும் கீழே போட்டோகிராஃபர் பெயர். அவ்வளவுதான்.

அவள் அழவில்லை. படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பொண்டாட்டின்னு சொல்லியும் என்னை கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டாங்கக்கா. இந்தப் படம் எடுத்தவரை எப்படி உள்ள விட்டாங்க?"



ஹாலுக்குப் பொறுப்பான இளம்பெண்ணிடம் கலாவே போய்க் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண்தான். கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் அனுபவத்தைக் கேமரா முன்னால் பேசுவீர்களா என்று கேட்டாள்... வருங்காலத்துக்குப் பயன்படுமாம்.

கலா கேட்டது ஒன்றே ஒன்று. அவர் பெயர் சேகர். அதைக் கீழே எழுதுங்கள்.

அங்கேதான் சிக்கல். பெயர் போட்டால் அது ஒரு தனி மனிதரின் படமாகிவிடுமாம். பெயர் இல்லாமல் இருந்தால்தான் எல்லாருடைய துயரமும் அதில் தெரியுமாம். எதற்கும் கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சரி, ஒரு காப்பியாவது தருவீர்களா? உரிமை போட்டோகிராஃபரிடம் இருக்கிறது, மேடம்.

எல்லாருடைய துயரம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாருமா அன்றைக்கு அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்?

போன வாரம் கலாவுக்கு போன் வந்தது. உங்கள் மனது புண்பட்டதற்குக் கமிட்டி வருந்துகிறது, அந்தப் படத்தை எடுத்துவிட்டோம் என்றார்கள். உதவி செய்துவிட்ட திருப்தி அந்தக் குரலில் இருந்ததாம்.

"பேரைப் போடச் சொன்னேன்க்கா," என்றாள் கலா. "ஆளையே எடுத்துட்டாங்க."

நம்பாமல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் மறுபடி போனோம். உண்மைதான். அதே சுவரில், அதே அளவில் வேறு போட்டோ. ஏதோ ஒரு அபார்ட்மென்ட். பால்கனி பால்கனியாகக் குடும்பங்கள் நின்று தட்டைத் தட்டிக்கொண்டிருக்கின்றன. எல்லார் முகத்திலும் சிரிப்பு.

கலா அதை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. வாங்கக்கா, போகலாம் என்று வெளியே நடந்துவிட்டாள்.

நாளைக்கு வரப்போகும் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று என்ன நினைப்பார்கள்?

அந்தக் காலத்து ஜனங்க ஜாலியாத்தான் இருந்திருக்காங்க!