இந்நாட்டுக்குள்

கொல்லிமலை மேல் எங்கள் ஊரில் அப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அந்தப் பூ நான்தான்.

என் தங்கைக்கு நல்ல குரல். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு கொண்டுபோன இடத்தில் அவள் பாடியதைக் கேட்ட ஒருவர், பட்டணத்து ரேடியோ நிலையத்தில் கிராமத்துப் பாட்டுப் பாட அழைத்தார். நான் துணைக்குப் போனேன். வேலையில் சேருமுன் ஒரு பத்திரம் நீட்டினார்கள். அதில் ஒரு வரியை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்: ‘வேலையை விட்டபின் ஓராண்டு காலம் இந்நாட்டுக்குள் வேறெங்கும் குரல் கொடுக்கலாகாது. மீறினால் கோர்ட்டு நடவடிக்கை.’

கொல்லிமலைக்காரனிடம் நாடு என்று சொல்லிப் பாருங்கள். குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு என்று மலைமேல் இருக்கும் ஊர்க்கூட்டங்கள்தான் அவனுக்கு நாடு. நாங்கள் குண்டூர் நாடு.

“வேலைய உட்டுட்டுப் போனா ஒரு வருசம் நம்ம நாட்டுக்குள்ள நீ பாடக் கூடாது கண்ணு. மத்த நாட்டுல பாடிக்கலாம்” என்று விளக்கினேன். அங்கிருந்த யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை. கேட்டால் படித்தவன் என்ற பேர் என்னாவது? அவள் கைநாட்டு வைத்தாள்.

ஆறு மாதம் பாடினாள். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஆள் வந்ததும் வேலையை விட்டு மலையேறினோம்.

“ஒரு பாட்டுப் பாடு சாமி” என்று அம்மா படுக்கையிலிருந்து கேட்டாள். தங்கை என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வீட்டுக்குள் பாடினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குக் கோர்ட்டு என்ற சொல்லுக்கே நான் பயந்தேன். சில நாட்களில் அம்மா போய்விட்டாள்.

பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். பெற்ற மகள் மட்டும் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ரேடியோவுல பாடுன வாயி பெத்தவளுக்குத் தெறக்காதாக்கும்” என்றாள் ஒருத்தி. தங்கையின் காதில் விழத்தான் சொன்னாள்.

அடக்கம் முடிந்ததும் தங்கையைக் காணோம். தேடிப் போனேன். எங்கள் நாட்டு எல்லையில் ஓர் ஓடை உண்டு. அதைத் தாண்டி, திண்ணனூர் நாட்டு மண்ணில் நின்று, எங்கள் ஊரைப் பார்த்து அவள் ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தாள். நான் இந்தக் கரையிலேயே நின்று அழுதேன். பத்திரத்தை மீறாமல் அழுகிறாளே என்று அப்போதும் எனக்கு உள்ளூர நிம்மதி இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த சந்தைக்குப் போனபோது, ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் எங்களுக்குக் கொடுத்திருந்த பத்திர நகலைக் காட்டினேன். எப்போது கெடு முடிகிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

நான் சொன்ன கதையைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நாடுன்னா தேசம் முச்சூடுமுங்க. தாங்க பேரு வாங்கிக் குடுத்த குரலை வேற ரேடியோக்காரனோ, பாட்டுப் பிளேட்டுக் கம்பெனிக்காரனோ கூட்டிட்டுப் போயிரக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கறாங்க. ஊட்டுல பாடறதுக்கும் எழவுல அழுவறதுக்கும் ஆருங்க தடை போட்டா?”

மலையேறி வீட்டுக்கு வந்தேன். தங்கை சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாடுன்னா நம்ம நாடு இல்லையாமா கண்ணு. தேசம் பூராவுமாமா” என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. “ஏனுங்கண்ணா, அப்ப ஓடைக்கு அந்தப் பக்கம் நான் பாடுனதும் தப்புங்களா?”

“இல்ல சாமி. தப்பெல்லாம் என்னுது. நீ எங்க வேணும்னாலும் பாடியிருக்கலாம்.”

அவள் திரும்பி, அம்மா படுத்திருந்த மூலையைப் பார்த்தாள்.

“அம்மா கேட்டப்பவுங்களா?” என்றாள்.

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.