பித்தளை அண்டாவும் மஞ்சள் பூக் கப்பும்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் விருத்தாசலம் பஸ் ஏறினோம். நாங்கள் என்றால் நானும் என் கணவரும், எங்களுக்கு நடுவே ஓர் அட்டைப்பெட்டியும். ஜன்னலோர இருக்கை பெட்டிக்குப் போய்விட்டது. உள்ளே அளவுக் குழாய்கள், சொட்டு மருந்துப் புட்டிகள், வைக்கோல் சுற்றிய கண்ணாடிச் சாமான்கள். கல்யாணமான புதிதில்கூட என்னை இவ்வளவு பதவிசாக அவர் பஸ்ஸில் ஏற்றியதில்லை.

கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது? வெடிக்கிற சாமானா?"

"கண்ணாடிங்க. தண்ணி டெஸ்ட் பண்றதுக்கு."

"பாத்து வச்சுக்குங்க. மந்தாரக்குப்பம் தாண்டினா பஸ்ஸு குதிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார்.

என் கணவர் கடலூரில் ஒரு சாயத் தொழிற்சாலையில் வேதியியலர். எங்கள் வட்டார வேதியியலர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வருஷத்துக்கு ஒரு முறை சங்கத்துக்காரர்கள் ஏதாவது ஓர் ஊரில் முகாம் போடுவார்கள். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துச் சொல்வார்கள், டீத்தூளில் சாயம் கலந்திருப்பதைக் காட்டித் தருவார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரவங்களை நிறம் மாற்றிக் காட்டுவார்கள். எனக்குச் சொந்தமாகத் தையற்கடை இருப்பதால் இத்தனை வருஷமும் நழுவிவிட்டேன். இந்த முறை "விருத்தாசலம் பீங்கான் ஊரு மாலதி, நல்ல ஊறுகாய் ஜாடி கிடைக்கும்" என்று தூண்டில் போட்டார். மாட்டிக்கொண்டேன்.

குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி. சுரங்கத்து மண்மேடுகள் தெரியத் தொடங்கியதும் பக்கத்து இருக்கை அம்மா, அந்தப் பக்கத்து வெள்ளைக் களிமண்தான் விருத்தாசலத்தில் கப்பும் பொம்மையும் ஆகிறது என்றார். அறுபது கிலோமீட்டர்ப் பயணம், கண்டக்டர் சொன்னபடியே குதித்துக் குதித்து முடிந்தது. எட்டரைக்குள் இறங்கி, நிலையத்துக்கு வெளியே பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்தோம். காகிதக் கப்பு. பீங்கான் ஊரில் காகிதக் கப்பா என்று கடைக்காரரைக் கேட்டேன். "எங்கூரு கப்பு வெளியூருக்குத்தான்க்கா போவுது" என்றார்.

முகாம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். சங்கத் தலைவர் பேராசிரியர் ஜோசப் எங்களுக்கு முன்பே வந்து மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் முப்பது வருஷம் பாடம் எடுத்தவர். மைக் கையில் இருந்தால் அவருக்குப் பசி தெரியாது.

அங்கேதான் செல்வராணியைப் பார்த்தேன். தொழிற்பேட்டையில் ஒரு சிறிய பீங்கான் பட்டறை நடத்துகிறவர், நாற்பது வயதிருக்கும். வேலைக்கு ஆறு பெண்கள். கையில் ஒரு கூடை, அதில் வைக்கோலுக்குள் டீக் கப்புகள். என் கணவரிடம் நேராக வந்தார்.

"சார், எங்கூரு கப்புல ஈயம் இருக்குது, அதுல டீ குடிச்சா ஒடம்புக்கு ஆவாதுன்னு போன்ல ஒரு பேச்சு சுத்துது. எவன் அனுப்பினான்னு தெரியல. வேப்பூருல ரோட்டு மேல ஓட்டலு வச்சிருக்கறவரு, காயிதக் கப்ப நிறுத்திட்டு எங்கிட்ட எடுக்கறேன்னு சொல்லியிருந்தாரு. இப்ப யோசிக்கறாரு. இந்த ஆர்டர் போச்சுன்னா ஆறு பொம்பளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உள்ள வச்சு சோதிச்சுச் சொல்றோம்மா" என்றார் என் கணவர்.

"உள்ள வாணாம் சார். நாலு பேரு பாக்க பண்ணுங்க. ஓட்டல்காரரையும் வரச் சொல்லியிருக்கேன்."

கூடையில் இரண்டு வகைக் கப்புகள் இருந்தன. ஒன்று வெறும் வெள்ளை. இன்னொன்றின் உள்ளே, அடியில், சின்னதாக ஒரு மஞ்சள் பூ. டீயைக் குடித்து முடித்தால்தான் பூ தெரியும். செல்வராணியின் சொந்த யோசனை. பாதி வெள்ளை, பாதி மஞ்சள் என்று ஓட்டல்காரர் கேட்டிருந்தாராம். ஊறுகாய் ஜாடியை மறந்துவிட்டு அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதனை எளியதுதான். வினிகரில் இருக்கும் அமிலத்தைத் தண்ணீரில் அளவாகக் கலந்து கப்பில் ஊற்றி ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். கப்பின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருந்தால் அதில் இறங்கிவிடும். மறுநாள் ஒரு மருந்தைச் சொட்டுவிட்டால் பழுப்பாகிக் காட்டிக்கொடுக்கும். இதோடு சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சோதனை செய்தாலும் அதே திரவத்தை ஒரு சுத்தமான கண்ணாடி டம்ளரிலும் ஊற்றித் தனியாக வைப்பார்கள். அதை 'வெறும் டம்ளர்' என்பார்கள். முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது.

கலப்பதற்குப் பெரிய கண்ணாடி ஜாடியைத் தேடினால், அது கடலூரில் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. ஜன்னலோர இருக்கை கொடுத்து அழைத்து வந்த பெட்டியில் இடமில்லையாம். மண்டபத்துச் சமையலறையிலிருந்து ஓர் அண்டா வந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி மின்னியது. என் கணவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, குழாயில் அமிலத்தை ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் அளந்தார். பேராசிரியர் தண்ணீரை அளந்தார். பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கத் தெரியாத மனிதர்கள் அரைச் சொட்டுக்குச் சண்டை போடுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு திறப்பு விழா. பேராசிரியர் பேசினார், ஊர்ப் பிரமுகர்கள் பேசினார்கள், மறுபடி பேராசிரியர் பேசினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் அண்டாவிலிருந்து எடுத்துக் கப்புகளிலும் கண்ணாடி டம்ளரிலும் ஊற்றினார்கள்.

ஞாயிறு காலை மண்டபம் நிறைந்துவிட்டது. பெண்ணாடம், சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்தெல்லாம் வாட்டர் பாட்டிலில் போர் தண்ணீர் எடுத்து வந்திருந்தார்கள். ஒருவர் தம் ஊர்த் தண்ணீரில் பருப்பு வேகாததால் வீட்டில் தினமும் சண்டை என்றார். தண்ணீரில் உப்பு அதிகம், சமைக்கிறவர் மேல் தப்பில்லை என்று என் கணவர் தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்த வீட்டில் அன்று நல்ல சாப்பாடு கிடைத்திருக்கும். பிள்ளைகள் சிவப்புத் திரவம் நீலமாவதைப் பார்த்துக் கத்தினார்கள். நான் டீத்தூள் மேசையில் நின்று ஈரத்தாளில் தூளைப் போட்டுச் சாயம் இறங்குவதைக் காட்டினேன். கால் மணி நேரத்தில் நானும் வேதியியலர் ஆகிவிட்டேன்.

பிற்பகல் கப்புகளின் முறை. வேப்பூர் ஓட்டல்காரர் முருகையன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். செல்வராணி உட்காரவில்லை. பேராசிரியர் மைக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஈயத்தின் தீமைகளைச் சொல்லியபடியே, வெறும் டம்ளரை மறந்துவிட்டு முதல் கப்பில் மருந்தைச் சொட்டினார். அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அது அந்த மருந்தின் குணமாம். ஆனால் கப்புக்குள் பழுப்பு படர்ந்தது.

அடுத்த கப்பும் பழுப்பு. மூன்றாவதும் பழுப்பு. பேராசிரியரின் பேச்சு நின்றது. எல்லார் கையிலும் போன். செல்வராணி அந்தக் கப்புகளைப் பார்த்த பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. என்ன ஊருக்கு வந்தோம், என்ன காரியம் செய்தோம் என்றிருந்தது.

"வெறும் டம்ளர்! சார், வெறும் டம்ளரப் பாருங்க!" என் கணவர் தண்ணீர் மேசையிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் அன்றுதான் பார்த்தேன். கண்ணாடி டம்ளரில் அவரே சொட்டினார். அதுவும் பழுப்பு.

செல்வராணிதான் முதலில் பேசினார்.

"சார், அது ஒங்க டம்ளருதான? அதுல நான் என்னாத்த பூசினேன்?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. என் கணவர் சமையலறைக்குப் போய் அண்டாவைத் தூக்கி வந்தார். அடியில் மீதமிருந்த திரவத்தில் ஒரு சொட்டு. கன்னங்கரேல். பித்தளையிலிருந்த செம்பு, விழாப் பேச்சுகள் முடிகிற வரைக்கும் அமிலத்தில் ஊறி இறங்கியிருக்கிறது. செம்பும் அந்த மருந்துக்குப் பழுப்புதான் காட்டும். அரைச் சொட்டுக்குச் சண்டை போட்டவர்கள் ஆறு கிலோ அண்டாவைப் பார்க்கவில்லை. பேராசிரியர் மைக்கை வாயருகே கொண்டுபோய், "தப்பு எங்களுது. நான் முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். கைதட்டலும் அதற்குத்தான் அதிகம்.

முருகையன் எழுந்தார். "அப்ப கப்பு மேல தப்பில்ல. ஆர்டர் போட்டுக்கம்மா." செல்வராணி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது என் கணவர் வாயைத் திறந்தார்.

"இருங்க. அண்டா தப்புன்னுதான் தெரிஞ்சுது. கப்பு நல்லதுன்னு இன்னும் தெரியல. மறுபடி பண்ணணும்."

இந்த மனுஷன் சும்மாவே இருக்க மாட்டாரா? நான் பல்லைக் கடித்தேன். முருகையன் தோளில் போட்ட துண்டை எடுத்து முகம் துடைத்தார். எல்லாரும் செல்வராணியைப் பார்த்தார்கள். அவர் கூப்பிய கையை இறக்கினார். "ஆகட்டும் சார்" என்றார்.

மளிகைக் கடையில் வெள்ளை வினிகர் பாட்டில் வாங்கி வந்தோம். நேற்று இவர்கள் ஒற்றைக் கண்ணை மூடி அளந்து கலந்த அதே நாலு சதவீத அமிலம் என்று அந்தப் பாட்டில் மேலேயே அச்சடித்திருந்தது. பாட்டிலை என் கணவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன், அவ்வளவுதான். பட்டறையில் ஓர் அறையில் புதுக் கப்புகளிலும் ஒரு கண்ணாடி டம்ளரிலும் வினிகரை ஊற்றி வைத்துப் பூட்டி, சாவியை முருகையன் வேப்பூருக்கு எடுத்துப் போனார். சங்கத்தார் ஊர் திரும்பினார்கள். எங்களுக்கு எழுநூறு ரூபாய் லாட்ஜ் அறையில் இன்னொரு ராத்திரி. திங்கட்கிழமை தர வேண்டிய கல்யாண ரவிக்கைக்காரியிடம் போனில் பொய்க் காய்ச்சல் சொன்னேன். என் கணவரோடு பேசவில்லை.

திங்கட்கிழமை மாலை பட்டறைக்குப் போனோம். அச்சிலிருந்து எடுத்த ஈரக் கப்புகள் பலகைகளில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வேலைக்காரப் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். முருகையன் கதவைத் திறந்தார்.

முதலில் வெறும் டம்ளர். பளிங்கு மாதிரி நின்றது. வெள்ளைக் கப்பு ஒன்று, சுத்தம். அடுத்தது, சுத்தம். கடைசி வெள்ளைக் கப்பும் சுத்தம் என்றதும் ஒரு பெண் கைதட்டத் தொடங்கினார். பிறகு மஞ்சள் பூக் கப்பு. சொட்டு விழுந்தது. பூவைச் சுற்றிப் பழுப்பு கிளம்பி, பூ மறைந்தது.

இரண்டாவது மஞ்சளும் அப்படியே.

"பூச்சு நல்ல பூச்சும்மா. இந்த மஞ்சள் வர்ணத்துலதான் ஈயம்" என்றார் என் கணவர் மெல்ல.

"மலிவா இருக்குதுன்னு வெளியில வாங்கின வர்ணம் சார். டப்பாவுல ஒண்ணும் எழுதல" என்றார் செல்வராணி. மூலையில் மஞ்சள் பூக் கப்புகள் ஏழெட்டுக் கூடை நிறைய இருந்தன. வயதில் மூத்த வேலைக்காரப் பெண், "ராணி, பேனா வைக்கறதுக்குன்னு வித்துடலாமே" என்றார்.

"பேனா வைக்கன்னுதான் வாங்குவாங்க. விருந்தாளி வந்தா காப்பி ஊத்துவாங்க."

ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். சுவரோரம் உடைசல் கொட்டும் குழி. முதல் கப்பை ஓங்கி எறிந்தார். அவருடைய யோசனை, அவருடைய பூ. பத்துப் பதினைந்து கப்பு வரைக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு எறிந்தார். பிறகு தோளைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "அக்கா, கை வலிக்குது. நீங்க கொஞ்சம் ஒடைங்களேன்" என்றார்.

நானும் எறிந்தேன். சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருந்தது. ஆறு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ ஒருத்தி, ஒவ்வொரு கப்புக்கும் வதந்தி கிளப்பியவனை ஒரு வசவு வைதாள். செல்வராணி சிரித்துவிட்டார். அழுகையும் அதிலேயே வந்தது. என் கணவர் குறி தப்பிப் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் வாளியை உடைத்தார். கடைசிக் கூடைக்கு முருகையனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றை எறிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு கேட்டார்.

"நேத்து இவரு வாயத் தொறக்கலைன்னா இதெல்லாம் எங்கடைக்கு வந்திருக்கும். சரி, முழுக்க வெள்ளையே போட்டுக்க. எப்ப அனுப்புவ?"

"புதங்கெழம சூளை போடறோம்ங்க. ஆனா எடுத்த ஒடனே அனுப்ப மாட்டேன். ஒரு நாளு வினிகர்ல நிக்கட்டும். நீங்க வந்து பாத்துட்டு அப்பறம் எடுத்துக்கிட்டுப் போங்க."

ஏழே காலுக்குக் கடலூர் பஸ். என் கணவருக்காக இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த திட்டுகளை எல்லாம் விருத்தாசலத்திலேயே விட்டுவிட்டு ஏறினேன். பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, ஜன்னலோர இருக்கையை அவருக்குக் கொடுத்தேன்.