குளத்தின் மேல் எழுதிய மனு

பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட குளத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். அந்தக் குளத்தில் எந்தக் கொசு எங்கே வளர்கிறது என்று பார்ப்பதுதான் என் மகளின் ஆராய்ச்சி. காலையில் நீளக் காம்பு வைத்த வெள்ளை அகப்பையோடு போவாள். மதியம் குப்பிகளோடு திரும்புவாள். அனோபிலஸ் கொசுவின் புழு நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். மாட்டுக் குளம்புத் தடத்தில் தேங்கிய தண்ணீரே அதற்குப் போதும். க்யூலெக்ஸ் தலைகீழாகத் தொங்கும். மான்சோனியா மூச்சு வாங்க மேலே வருவதே இல்லை. ஆகாயத்தாமரை வேரைத் துளைத்து அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். இதையெல்லாம் சாப்பிடும்போதுதான் சொல்வாள்.

"சோத்தைத் தின்னுட்டி முதல்ல" என்பேன்.

போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் டெங்கு என்றார்கள். பாளையங்கோட்டையில் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தோம். இரண்டு வேளையும் ரத்தம் எடுத்துத் தட்டணுக்களை எண்ணினார்கள். எண் இறங்கிக்கொண்டே போனது. ஐந்தாம் நாள் ஈறில் ரத்தம் கசிந்தது. அதைத் துடைத்த பஞ்சை நான் கையிலேயே வைத்திருந்தேன். நர்ஸ் வாங்கிக் குப்பையில் போட்டபோதுதான் கவனித்தேன்.

ஊரில் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். அன்று அவள் கட்டிலருகே உட்கார்ந்து எனக்காக ஒன்று எழுதினேன். குளத்தில் கொசு மருந்து அடிக்க வேண்டும், கரையோரக் கோரையையும் ஆகாயத்தாமரையையும் அழிக்க வேண்டும், ஆராய்ச்சிக்கு யாரையும் உள்ளே விடக் கூடாது. கடைசி வரி அவளுக்கானது. ஆறாம் நாள் எண் ஏறத் தொடங்கியது. மனுவை மட்டும் நான் விடவில்லை.

வீடு திரும்பிய அன்றே தெருமுனைக் கடை அண்ணாச்சி அதை வாங்கிப் படித்தார். "நாரை மிரளும்னு தீவாளிக்கு வெடி போடாத ஊரு டீச்சர் இது" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா பிள்ளைய விடவா நாரை பெருசு? கையெழுத்த நான் வாங்கித் தாரேன்."

இரண்டே நாளில் நான்கு தெருவும் கையெழுத்துப் போட்டிருந்தது.

கையெழுத்துகளோடு மேசையில் இருந்த மனுவை மகள் பார்த்துவிட்டாள். கடைசி வரியை இரண்டு முறை படித்திருப்பாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"எம்மா, என்னக் கடிச்சது குளத்துக் கொசு இல்ல. ஏடிஸ். பகல்ல கடிக்கும். வீட்டுல வச்சிருக்க நல்ல தண்ணிலதான் வளரும்."

"நம்ம வீட்டுல ஏதுட்டி கொசு? தண்ணியத்தான் மூடி வச்சிருக்கேனே?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். அங்கே நீல டிரம் இருந்தது. எங்கள் கிணறு உப்பு. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் ஐந்து நாளைக்கு ஒரு முறை வரும். ஆற்றுத் தண்ணீரைக் கீழே கொட்ட எங்கள் பக்கம் யாருக்கும் மனம் வராது. அடியில் கால்வாசி இருக்கும்போதே அதன்மேல் புதுத் தண்ணீரை விடுவேன். அந்தக் கால்வாசி எத்தனை மாதத்துத் தண்ணீர் என்று நினைத்துப் பார்த்ததில்லை. டிரம்மின் வாயில் பழைய வேட்டி கட்டியிருந்தேன். செம்பு விட்டு மொள்ள ஓர் ஓரத்தை மடக்கி விட்டிருந்தேன்.

"இங்கன வந்து பாரேன்."

பார்த்தேன். என் நிழல் விழுந்ததும் சின்னஞ்சிறு புழுக்கள் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின. தண்ணீர் தெளிவாக இருந்தது.

"முட்டை உள்பக்கச் சுவத்துல ஒட்டிக் காஞ்சு கிடக்கும். நீ மேல மேல தண்ணி விட விட நனைஞ்சு பொரிச்சிரும்."

அவள் ஒரு குப்பியில் கொஞ்சம் மொண்டு, 'வீடு, பின்கட்டு' என்று எழுதி ஒட்டினாள்.

டிரம்மைச் சாய்த்தேன். ஆற்றுத் தண்ணீர் வாழை மூட்டில் ஓடியது. தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்தேன். பிறகு மனுவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"என்ன டீச்சர், கலெக்டர் ஆபீசுக்குப் போகலியா?"

"தப்பா எழுதிட்டேன் அண்ணாச்சி. கொசு எங்க வீட்டு டிரம்லதான் கிடந்துச்சு."

அவர் தராசிலிருந்து கையை எடுத்தார். "உங்க வீட்டு டிரம்மா? அதே டிரம்தான எங்க வீட்லயும் கிடக்கு?" கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுப் பக்கம் திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார். "ஏளா, அந்த வேட்டிய அவுத்துட்டு டிரம்ம எட்டிப் பாரு!"

கையெழுத்துப் போட்ட மற்ற வீடுகளுக்கும் போய், மனுவைக் கொடுக்கப் போவதில்லை என்று காரணத்தோடு சொன்னேன். சிலர் நம்பவில்லை. ஒரு வீட்டில், "மகளுக்காவ மாத்திப் பேசுதீக" என்றார்கள்.

மார்கழியில் அவள் மறுபடி குளத்துக்குப் போகத் தொடங்கினாள். நான் தடுக்கவில்லை. முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாளா என்று மட்டும் பார்ப்பேன். அவள் தெருமுனை திரும்பியதும் பின்கட்டுக்குப் போய், டிரம்மின் உள்சுவரை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புகிறேன்.