எந்த வீடு என்று பாவா சொல்லவில்லை

யார் வீட்டு மாடிக்கு ஏறுவதானாலும் பாவா முதல் படியில் நின்று ஒரு குரல் கொடுப்பார். "கேபிளு! மேல வரேம்மா!" குரல் கொடுத்ததும் ஏறிவிடமாட்டார். தலைக்குக் குளித்துவிட்டு மாடியில் முடியை உலர்த்துகிறவள் முந்தானையைச் சரிசெய்துகொள்ளவும், கொடியில் காயும் உள்பாவாடையை யாராவது ஓடிப்போய் உருவிக்கொள்ளவும் நேரம் விடுவார். பிறகுதான் தோளில் வயர் சுருளோடு ஏறுவார். ஏறினால் கண் வயரில்தான் இருக்கும். அந்த மாடிகளில் நின்று பார்த்தால் திருத்தணியில் பாதி வீடுகளின் பின்கட்டு தெரியும். மலைக்குரங்குகள் வயரைக் கடித்துக்கொண்டே இருந்ததால் அவர் ஏறாத மாடி கிடையாது. அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்தால் நாலு கதை சொல்லவேண்டாமா? "இன்னா பாவா, அந்தத் தெருவுல இன்னா நடக்குது?" என்று கேட்டால், "கொரங்கு கடிச்சிகினு கீது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாவா என் அக்காவின் கணவர். முதலில் கேபிள் டிவி மட்டும் நடத்தினார். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, சென்னையில் இருந்த ஓர் இன்டர்நெட் கம்பெனியிடம் ஏஜென்சி எடுத்து, அதே மாடிகள் வழியாக வீடுகளுக்கு இன்டர்நெட் லைனும் இழுத்தார். கடைக் கவுண்டரில் நான் உட்கார்ந்தேன். புதிதாக லைன் கேட்டு வருகிறவர்களிடம், "உங்க பேரு விவரம் எதுவும் வெளிய போவாதுங்க" என்று சொல்லச் சொன்னது சென்னைக் கம்பெனி. நானும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு என்ன பொருள் என்று நான் யோசித்ததில்லை. கம்பெனியும் யோசித்திருக்காது.

அந்த நாட்களில் இன்டர்நெட்டில் படம் இறக்குவது ஊரில் ஒரு காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. நீங்கள் ஒரு படத்தை இறக்கும்போதே, இறங்கிய துண்டுகளை உங்கள் கம்ப்யூட்டர் முகம் தெரியாத யார் யாருக்கோ அனுப்பிக்கொண்டும் இருக்கும். பார்க்கிறவனே விற்காத வியாபாரியும் ஆகிவிடுவான். திருட்டுதான். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. எங்கள் ஊர் தியேட்டரில் புதுப்படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே படத்தை வீட்டில் பார்த்துவிட்டு, என் கவுண்டரில் வந்து நின்று கதை சொல்லுகிறவர்களை நானே திட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் பகலில் கடை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர்கள் ஒரு வக்கீலும், சினிமா கம்பெனி ஆள் ஒருவரும். அவர்களுடைய புதுப்படம் எங்கள் ஊர் லைனிலிருந்து நாடெங்கும் போயிருக்கிறது என்றார்கள். படம் கிளம்பிய இன்டர்நெட் லைனின் எண்ணும், கிளம்பிய நேரமும் அவர்களிடம் இருந்தன. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் லைன் முழுவதற்கும் அந்த ஒரே எண்தான். அதற்குப் பின்னால் எந்த வீடு என்பது கடை மூலையில் ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்த எங்கள் மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். அதன் பாஸ்வேர்டு பாவாவிடம் இருந்தது.

வக்கீல் தன்மையாகத்தான் பேசினார். "சார், உங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல. அந்தப் பேரும் அட்ரஸும் குடுத்துட்டா நாங்க போய்ட்டே இருப்போம்."

"கோர்ட்டு ஆர்டர் கீதுங்களா?" என்றார் பாவா.

"அதுக்கெல்லாம் நாளாகும் சார். எதுக்கு? நமக்குள்ள முடிச்சிக்கலாம்."

"எடுத்துகினு வாங்க. ஜட்ஜு தொறன்னா தொறக்கறேன்."

"ஒரு திருடனைக் காப்பாத்தறீங்க, தெரியுதா?"

"நான் யாரையும் காப்பாத்தலீங்க. என்னை மாடி மேல ஏற வுடறாங்க. அவ்ளோதான்."

வக்கீலுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். கார் போன பிறகு பாவா மெஷின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பெயரைப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். "யாரு பாவா?" என்றேன். "வேலையைப் பாரும்மா" என்றார்.

அதோடு முடியவில்லை. சென்னைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பெயரைக் கொடுக்காவிட்டால் ஏஜென்சி போய்விடும், கொடுக்கும்வரை லைனும் கிடையாது என்றார்கள். பேரு வெளிய போவாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே கம்பெனி. அந்த லைனுக்காக வாங்கிய கருவிகளில் அக்காவின் நகை பாதி போயிருந்தது. அக்கா அவரிடம் சண்டை போட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அக்காவின் நகையைவிட அந்தப் பெயர்தான் மண்டையைக் குடைந்தது. கவுண்டருக்கு வந்து நிற்கிற ஒவ்வொரு முகத்தையும் ஆராய்ந்தேன். மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறையாகச் சமைக்கிற குடும்பத்துப் பெரியவருக்கு இன்ஜினியரிங் படிக்கிற மகன் இருந்தான். அவனாக இருக்குமோ? சர்ச் தெருவில் தனியாக இருந்த டீச்சர் எந்நேரமும் லைனில் இருப்பார். அவரா? பஸ்ஸில் போகும்போதுகூட இதே நினைப்புதான். யாராவது என்னைப் பார்த்து வழக்கத்தைவிட நன்றாகச் சிரித்தால் உடனே அவர் மேல் சந்தேகம் வந்துவிடும். சிரிக்காவிட்டாலும் வரும்.

லைன் நின்றதும் சந்தாதாரர்கள் கூட்டமாகக் கடைக்கு வந்தார்கள். வக்கீல் வந்த கதை அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. மடப்பள்ளிப் பெரியவர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"எவனோ ஒருத்தன் பண்ணதுக்கு நாங்க எல்லாரும் அவஸ்தைப்படணுமா? பேரைச் சொல்லித் தொலைங்களேன்."

"ஆங், சொல்லு நைனா! நாங்க இன்னா திருடங்களா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அந்தக் குரல்காரன் முந்தின மாதம்தான் என்னிடம் ஒரு புதுப்படத்தின் முடிவைச் சொல்லிக் கெடுத்தவன். எனக்கு வாய் துறுதுறுத்தது.

பாவா எழுந்து மெஷின் பக்கத்தில் போய் நின்றார். "சொல்லலாம் சாமி. ஆனா இத தொறந்தா ஒரு வூட்டு கதை மட்டும் வராது. அந்த நேரத்துக்கு எல்லா வூடும் வரும். யாரு எங்க போனாங்க, இன்னா எறக்கினாங்க, எல்லாம் வரிசையா வரும். தொறக்கட்டுமா?"

நாங்கள் என்ன திருடர்களா என்று கேட்டவன் செருப்பைத் தேடினான். டீச்சர்தான் கடைசியில் பேசினார். "வேணாங்க. மூடியே இருக்கட்டும்."

கூட்டம் கலைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. மாதம் முடிவதற்குள் ஏஜென்சி போனது. கோர்ட்டு ஆர்டரும் வரவில்லை, வக்கீலும் திரும்பி வரவில்லை. ஊரில் வேறொருவனுக்கு ஏஜென்சி கொடுத்தார்கள். யார் கேட்டாலும் எதையும் சொல்லுகிற ஆள் அவன். பாவா வாய் திறக்காததால் தப்பித்த அத்தனை பேரும் அவனிடம் போய் லைன் வாங்கினார்கள். அவர்கள் மாடிகளில் பாவாவின் வயருக்குப் பக்கத்திலேயே அவன் வயர் ஓடியது. ஒருவர் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மனிதர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. தீர்த்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

இப்போது என் கையில் உள்ள போனுக்கு நான் எங்கே போகிறேன், எதைத் தேடுகிறேன், யாரோடு பேசுகிறேன் என்று எல்லாம் தெரியும். படிக்கட்டில் நின்று குரல் கொடுக்காமலே உள்ளே வந்துவிடுகிறது. பாவாவிடம் டிவி கேபிள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதுவும் தேய்ந்துகொண்டே வருகிறது. போன வாரம் அக்கா வீட்டில் அவர் வயர் முனையைச் சீவிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"இத்தினி வருசம் ஆச்சு. இப்பவாச்சும் சொல்லுங்க பாவா. எந்த வூடு?"

"எனுக்குத் தெரியாதும்மா. நான் பாக்கவே இல்ல."

கத்திவிட்டேன். "பாக்கவே இல்லியா? தெரியாத பேருக்கா ஏஜென்சிய வுட்டீங்க? அக்கா நகைய வுட்டீங்க?"

"பாத்திருந்தா அந்த வூட்டுக்குப் போறப்ப என் மூஞ்சே காட்டிக்குடுத்துடும். அவங்களுக்கும் கஷ்டம், எனுக்கும் கஷ்டம்."

"தெரிஞ்சிக்கணும்னு ஆசைகூட இல்லியா?"

"ஆசை இல்லாம? இப்பவும் கீது." சிரித்தார். "நீ யாருன்னு நெனைக்கிற?"

இத்தனை வருடம் சல்லடை போட்டுச் சலித்து நான் ஒரு வீட்டைப் பிடித்துவைத்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அவர் சட்டென்று கையை உயர்த்தினார்.

"வேணாம், வேணாம், சொல்லாத. காலைல நான் எல்லா வூட்டு மேலயும் ஏறணும்."